மென்பொருள் அடுக்குகளும் சார்புநிலைகளும்

மென்பொருள் அடுக்குகள் என்பவை, ஒரு பெரிய மென்பொருளின் நிரல்களை அவை செய்யும் பணியின் அடிப்படையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குபடுத்திய பகுதிகள் ஆகும். ஒரு பகுதி தன் வேலையைச் செய்ய மற்றொரு பகுதியை நம்பியிருப்பது சார்புநிலை எனப்படும். (கணிதப் பாடத்தில் வரும் ‘சார்பு’ என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஒரு மென்பொருளின் மூல நிரல் கோப்புகள் அனைத்தும் சேர்ந்தது நிரல்தொகுப்பு ஆகும்.

பெரிய நிரல்தொகுப்பில் பல இலட்சம் வரிகள் இருக்கும். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தவர் எவரும் இல்லை; அப்படிப் படிக்கவும் தேவையில்லை. எந்த அடுக்கு எந்த அடுக்கை நம்பி நிற்கிறது என்ற திசையைக் கண்டுகொண்டால், தேவையான இடத்தை மட்டும் படித்து மாற்ற முடியும். இக்கட்டுரை லிப்ரே ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வாய்க்கால் உவமை

தேனி மாவட்டம் உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள வயல்களுக்கு நீர் வரும் வழி இக்கருத்தை விளங்கிக்கொள்ள உதவும். 1895இல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பின் முல்லைப் பெரியாற்றில் ஓடி, தலை மதகுகள் வழியே வாய்க்கால்களில் பிரிந்து, மடை வழியாக வயலை அடைகிறது.

வயல் வாய்க்காலைச் சார்ந்தது. வாய்க்கால் ஆற்றைச் சார்ந்தது. ஆறு அணையைச் சார்ந்தது. ஆனால் அணைக்கு வயலைப் பற்றி எதுவும் தெரியாது. வயலில் நெல்லுக்குப் பதில் வாழை வைத்தாலும் சுரங்கத்தில் ஒரு கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மாறாக, சுரங்கத்தில் அடைப்பு ஏற்பட்டால் எல்லா வயல்களும் காயும். நம்பியிருப்பது ஒரே திசையில் அமைவதால் இது நிகழ்கிறது.

மென்பொருளிலும் இதே நிலைதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதால் இங்கே ஆதாரம் மேலே இருக்கிறது. மென்பொருள் வரைபடங்களில் வீட்டின் அடித்தளத்தைப் போல ஆதார அடுக்கைக் கீழே வரைவது வழக்கம். எனவே இனி ‘மேலடுக்கு கீழடுக்கைச் சார்ந்தது’ என்றே கொள்ளப்படும்.

கருத்தின் தோற்றம்

நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இயக்கமுறைமை பற்றிய கட்டுரை 1968இல் வெளிவந்தது. அந்த இயக்கமுறைமை அடுக்கடுக்காகக் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்குகளை மட்டுமே பயன்படுத்தியது. அதனால் கீழடுக்கை முழுமையாகச் சோதித்த பிறகே மேலடுக்கைக் கட்ட முடிந்தது.

1972இல் டேவிட் பார்னாஸ் மற்றொரு விதியை விளக்கினார். பிற்காலத்தில் மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரே கூறுக்குள் மறைத்துவைக்க வேண்டும். வெளியே தெரிய வேண்டியது அக்கூறினை அழைக்கும் முறை மட்டுமே. இந்த அழைக்கும் முறை இடைமுகம் எனப்படும். அடுக்கு, இடைமுகம் ஆகிய இவ்விரண்டும் இன்று வரை பெரிய மென்பொருள்களின் அடிப்படையாக உள்ளன.

லிப்ரே ஆபிஸ்: பின்னணி

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இம்மென்பொருள் புதிதன்று. முந்தைய மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபிஸ் பாடமாக இருந்தது. 2018இல் வந்த 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவை இடம்பெற்றன. ஸ்டார் ஆபிஸ், ஓப்பன் ஆபிஸ், லிப்ரே ஆபிஸ் ஆகிய மூன்றும் ஒரே நிரல்தொகுப்பின் வழிவந்தவை.

செருமனியில் மார்கோ போரிஸ் 1985இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம் ஸ்டார் ஆபிஸை உருவாக்கியது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. 2000இல் மூல நிரல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு ஓப்பன் ஆபிஸ் ஆனது. 2010 செப்டம்பரில் அதிலிருந்து பிரிந்து லிப்ரே ஆபிஸ் தோன்றியது.

இந்த வரலாறு நிரலிலேயே பதிந்திருக்கிறது. ரைட்டரின் நிரல் உள்ள கோப்புறைக்கு ஆங்கிலத்தில் எஸ், டபிள்யூ என்னும் இரண்டே எழுத்துகள்தான் பெயர். அது ஸ்டார் ரைட்டர் என்பதன் சுருக்கம். கால்க் இருக்கும் கோப்புறை ஸ்டார் கால்க் என்பதன் சுருக்கத்தைத் தாங்கியுள்ளது. நிரலுக்கு இடையே எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் பெருமளவில் செருமன் மொழியில் இருந்தன. தன்னார்வலர்கள் அவற்றைச் சிறிது சிறிதாக ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தனர். பழைய நிரலைப் படிப்பவர் அதன் வரலாற்றையும் ஓரளவு அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

அடுக்குகள்

லிப்ரே ஆபிஸின் மூல நிரலைத் திறந்தால் முதல் நிலையிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புறைகள் தெரியும். பார்த்தவுடன் திகைப்பே ஏற்படும். அவற்றை அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் பின்வரும் ஒழுங்கு புலப்படும். கீழிருந்து மேலாக:

1. வெளி நூலகங்கள்: பிறர் எழுதியவை. சுருக்கிய கோப்புகளை விரிக்கும் இசட்லிப், எழுத்துகளை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ், பல மொழிகளின் எழுத்து விதிகளை அறிந்த ஐ.சி.யு., எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் போன்றவை.

2. இயக்கமுறைமை மறைப்பு அடுக்கு: சால் எனப்படுவது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவை கோப்பைத் திறக்கும் முறையில் வேறுபடும். அந்த வேறுபாட்டை இந்த அடுக்கு தனக்குள் மறைத்துக்கொள்கிறது.

3. கூறுகளை இணைக்கும் அடுக்கு: யூனோ எனப்படுவது. ஒரு கூறு மற்றொரு கூறினை இடைமுகம் வழியாக அழைக்க உதவுகிறது. பைத்தான் போன்ற மொழிகளில் மேக்ரோ எழுதுவோர் பயன்படுத்துவதும் இதையே.

4. திரை அடுக்கு: வி.சி.எல். எனப்படுவது. சாளரம், பொத்தான், எழுத்துரு, அச்சு ஆகியவற்றைக் கவனிக்கிறது.

5. பொது அலுவலக அடுக்கு: ஆவணத்தைத் திறத்தல், சேமித்தல், படம் வரைதல் போன்று எல்லாப் பயன்பாடுகளுக்கும் பொதுவான பணிகள் இங்கே உள்ளன.

6. பயன்பாடுகள்: ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் முதலியவை.

ரைட்டர் திரை அடுக்கை அழைக்கலாம். திரை அடுக்கு ரைட்டரின் பெயரைக்கூட அறிந்திருக்கக் கூடாது. அறிந்திருந்தால், கால்க்கைத் தனியே இயக்கவும் ரைட்டர் தேவைப்படும் நிலை உண்டாகும்.

‘கொ’ என்னும் ஓர் எழுத்தின் பயணம்

அடுக்குகளைப் பெயரளவில் அறிவதைவிட, ஒரு சிறு செயலைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்வது நல்ல பயன் தரும். ரைட்டரில் ‘கொ’ என்று தட்டச்சு செய்தால் நடப்பது இதுதான்.

விசை அழுத்தப்பட்ட செய்தி இயக்கமுறைமையிலிருந்து திரை அடுக்கிற்கு வருகிறது. திரை அடுக்கு அதை ரைட்டருக்குத் தெரிவிக்கிறது. ரைட்டர் அந்தப் பத்தியின் உரையில் ஒருங்குறிப்படி ‘க’ என்ற குறியையும் ‘ொ’ என்ற குறியையும் அந்த வரிசையிலேயே சேர்க்கிறது. பின்னர் வரி எங்கே முறிய வேண்டும் என்று கணக்கிடத் திரை அடுக்கிடம் உரையின் அகலத்தைக் கேட்கிறது. திரை அடுக்கு அந்தக் கேள்வியை ஹார்ஃப்பஸிடம் ஒப்படைக்கிறது. ஹார்ஃப்பஸ் ‘ொ’ என்பதைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைக் ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் வைத்து, எழுத்துருவில் உள்ள எந்தெந்த வடிவங்களை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற பட்டியலைத் திருப்பித் தருகிறது. வரைகலை நூலகம் அந்த வடிவங்களைத் திரையில் தீட்டுகிறது.

இதில் ஓர் ஐயம் எழலாம். கீழடுக்கு மேலடுக்கை அறியக் கூடாது என்றால், திரை அடுக்கு விசைச் செய்தியை ரைட்டருக்கு எப்படித் தெரிவித்தது? திரை அடுக்கு ‘சாளரம்’ என்ற பொதுவான ஒன்றை மட்டுமே அறியும். விசை அழுத்தப்பட்டால் சாளரத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் விதி. ரைட்டர் தன் சாளரத்தை அந்த விதிக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிறது. வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டுக்கு மிக்சி எது, கிரைண்டர் எது என்று தெரியாது. துளைகளின் அளவை அது வகுத்துவிட்டது. அதற்குப் பொருந்துவது மிக்சியின் பொறுப்பு. செய்தி கீழிருந்து மேலே சென்றாலும் சார்புநிலையின் திசை மாறவில்லை. தரவு ஓடும் திசையும் சார்புநிலையின் திசையும் வேறு வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கீழடுக்கில் ஒரு மாற்றம், மேலே ஒரு பயன்

2017 பிப்ரவரிக்கு முன்பு, எழுத்துகளை வடிவமைக்கும் பணியை லிப்ரே ஆபிஸ் ஒவ்வோர் இயக்கமுறைமையிலும் ஒவ்வொரு வகையில் செய்துவந்தது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப், மேக்கில் ஆப்பிளின் கோர்டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என மூன்று வழிகள் இருந்தன. ஒரே ஆவணம் இடத்துக்கு இடம் வேறுபட்டுத் தோன்ற வாய்ப்பிருந்தது. ஒரு பிழையைத் திருத்தினால் மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டியிருந்தது.

2017 பிப்ரவரியில் வந்த 5.3ஆம் பதிப்பில் மூன்றுக்கும் ஹார்ஃப்பஸ் பொதுவாக்கப்பட்டது. மாற்றத்தின் பெரும்பகுதி திரை அடுக்குக்குள் நடந்தது. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றும் ஒருசேரப் பயன்பெற்றன. ஹார்ஃப்பஸை ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவையும் பயன்படுத்துகின்றன. ஆகவே அந்த நூலகத்தில் தமிழ் தொடர்பான ஒரு பிழை திருத்தப்பட்டால், அதன் பயன் கைப்பேசி முதல் அலுவலகக் கணினி வரை சென்று சேர்கிறது. பிழை புகுந்தாலும் அவ்வளவு தூரம் பரவும்.

அடுக்கு கலைந்தால்: பழைய எழுத்துருக்களின் பாடம்

அடுக்குகளைக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்க் கணினி உலகம் பட்டறிவாகவே கண்டது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள் பயன்பட்டன. அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. கோப்பில் சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துக் குறியே. அது தமிழாகத் தெரிந்தது எழுத்துருவால் மட்டுமே.

எடுத்துக்காட்டாக, உத்தமபாளையத்தில் ஒரு கணினியில் தட்டச்சு செய்த வினாத்தாளைத் தேனியில் அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். உரை என்பது தரவு அடுக்கைச் சேர்ந்தது. எழுத்துரு தோற்ற அடுக்கைச் சேர்ந்தது. தரவு தோற்றத்தை நம்பியிருந்ததே இத்தொல்லைக்குக் காரணம்.

தீங்கு அத்துடன் நிற்கவில்லை. இவ்வகை முறைகளில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகச் சேமிக்கப்பட்டது. ‘கொடி’ என்ற சொல்லை அகரவரிசைப்படுத்தினால் அது ககரத்தின் கீழ் வராமல் கொம்பின் கீழ் போய் நின்றது. பெயர்ப்பட்டியல் தயாரிப்பது முதல் தேடுவது வரை அனைத்தும் சிக்கலாயின.

1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறி மாறும் குழப்பத்தைக் குறைப்பது அதன் நோக்கம். 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. ஒருங்குறியில் உரை, ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் வைப்பது கீழே உள்ள வடிவமைப்பு நூலகத்தின் வேலை. இப்போது உரையும் எழுத்துருவும் ஒன்றையொன்று நம்பாமல், இரண்டும் ஒரு பொதுத் தரத்தை நம்புகின்றன. எழுத்துருவை மாற்றினாலும் உரை அழிவதில்லை. பழைய எழுத்துருவில் உள்ள ஆவணங்களை இன்றும் மாற்றிக் கருவிகள் கொண்டு மீட்க வேண்டியுள்ளது. அடுக்கைக் கலப்பது அன்றைக்கு எளிதாக இருந்தது. அதற்கான விலையைப் பிற்காலத்தவர் கொடுக்கிறார்கள்.

சார்புநிலையில் நேரும் சிக்கல்கள்

அடுக்கைத் தாண்டுதல்: மேலடுக்கு இடையிலுள்ள அடுக்கை விட்டுவிட்டு நேரடியாக மிகக் கீழே கைவைப்பது. வாய்க்காலுக்குக் காத்திராமல் ஆற்றிலேயே மோட்டார் வைத்து நீர் எடுப்பதைப் போன்றது இது. எடுப்பவருக்கு வேலை உடனே முடியும். கடைமடைக்காரருக்கு நீர் ஏன் வரவில்லை என்பது விளங்காது. இடை அடுக்கை மாற்றும்போது, தாண்டிச் சென்ற நிரல் மட்டும் பழையபடியே இருந்து பிழை தரும்.

சுழற்சி: ‘அ’ என்னும் கூறு ‘ஆ’வை நம்ப, ‘ஆ’வும் ‘அ’வை நம்பும் நிலை. இரண்டில் ஒன்றைத் தனியே சோதிக்கவோ மாற்றவோ முடியாது. பெயர் இரண்டாக இருந்தாலும் உண்மையில் அவை ஒரே கூறுதான். இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்துத் தனிக் கூறாகக் கீழே வைப்பது ஒரு தீர்வு. முன்பு கூறிய பிளக் பாயிண்டைப் போல இடைமுகம் அமைப்பது மற்றொரு தீர்வு.

மறைமுகச் சார்புநிலை: நாம் அழைக்கும் நூலகம் வேறொன்றை அழைக்க, அது இன்னொன்றை அழைக்கும். 2024 மார்ச் இறுதியில் இதன் ஆபத்து உலகுக்குத் தெரிந்தது. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ள வழி ஒன்றை மறைத்து வைத்திருந்தனர். தொலைவிலிருந்து சேவையகக் கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளே அதன் இலக்கு. ஆனால் ஓப்பன் எஸ்.எஸ்.எச். இந்த நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் அதனுடன் சிஸ்டம்டி நூலகத்தை இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட் நூலகத்தை நம்பியிருந்தது. ஆந்திரேஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், நுழைவுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் தேடியபோது இது வெளிப்பட்டது. அவர் அந்தத் தாமதத்தை அடுக்கடுக்காகக் கீழே பின்தொடர்ந்ததால்தான் பெருந்தீங்கு தடுக்கப்பட்டது.

பெரிய நிரல்தொகுப்பைப் படிக்கும் முறை

புதிதாக ஒரு நிரல்தொகுப்பில் சேரும் மாணவர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதலில் நிரலைப் படிக்காமல் கோப்புறைகளின் பெயர்களைப் பட்டியலிட வேண்டும். லிப்ரே ஆபிஸில் கோப்புறைகளுக்குள் அறிமுகக் கோப்பு வைக்கப்பட்டுள்ளது. அதில் அந்தக் கூறு எதற்காக என்பது சுருக்கமாக இருக்கும்.

2. அடுத்து, கட்டுமானக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். ஒரு கூறு எந்தெந்த நூலகங்களுடன் இணைக்கப்படுகிறது என்ற பட்டியல் அங்கே உள்ளது. வரைபடங்கள் பழசாகிப் போகலாம். கட்டுமானக் கோப்பு தவறாக இருந்தால் மென்பொருளே உருவாகாது. எனவே அது நம்பத்தக்கது.

3. அந்தப் பட்டியலைக் கொண்டு, தாளில் பெட்டிகளும் அம்புகளும் வரைய வேண்டும். அம்பு நம்புவதிலிருந்து நம்பப்படுவதை நோக்கிச் செல்ல வேண்டும். அதிக அம்புகள் வந்து சேரும் பெட்டி அடித்தளம். அதை மாற்றும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை.

4. பின்னர் ஒரு சிறு செயலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்தொடர வேண்டும். பிழைநீக்கிக் கருவியில் நிரலை நடுவில் நிறுத்தினால், எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை முழுவதும் தெரியும். அந்த வரிசையே அடுக்குகளின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஆகும்.

5. விளங்காத வரி ஒன்று வந்தால், பதிப்பு வரலாற்றில் அதை எழுதியவர் என்ன காரணம் குறித்துள்ளார் என்று பார்க்க வேண்டும். காரணம் அறியாமல் எதையும் நீக்கக் கூடாது.

6. தொடர்பில்லாத பகுதிகளைத் தயங்காமல் விட்டுவிட வேண்டும். இடைமுகம் சரியாக இருக்கும் இடத்தில் உள்ளே பார்க்கத் தேவையில்லை.

மாற்றம் செய்வதற்கு முன்

ஒரு வரியைத் திருத்துமுன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த வரி எவற்றை நம்பியிருக்கிறது? இந்த வரியை எவை நம்பியிருக்கின்றன? முதல் கேள்விக்கு விடை அந்தக் கோப்பிலேயே கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கான விடை நிரல்தொகுப்பு முழுவதும் சிதறிக் கிடக்கும். தேடித்தான் காண வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வருபவை. மதகைத் திறப்பவர் தன் வயலை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வாய்க்காலில் கடைமடை வரை யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

லிப்ரே ஆபிஸின் மூல நிரல் எவரும் படிக்கும்படி இணையத்தில் திறந்தே இருக்கிறது. பாடநூலில் ரைட்டரைப் பயன்படுத்தக் கற்ற மாணவர், ‘கொ’ என்ற ஓர் எழுத்தைப் பின்தொடர்ந்து அதன் உள்ளே செல்லத் தொடங்கலாம்.